கையில் இல்லாத பங்கை விற்றவர்கள் கதை



போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பத்தரை மணிக்கு ஒரு போன். என்னிடம் எட்டாம் வகுப்புப் படித்தவன். இப்போது சென்னையில் வேலை, கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். பெயர் சொல்லமாட்டேன். அவன் சம்மதித்ததால்தான் இதை எழுதுகிறேன்.

"சார், தூங்கிட்டீங்களா?" என்று ஆரம்பித்து அரைமணி நேரம் பேசினான். சாரம் இதுதான். ஒரு கம்பெனியின் பங்கு விலை சில வாரங்களாக ஊஞ்சல் மாதிரி ஆடுகிறது. முதலாளியே பொதுமக்களிடம் இருக்கிற பங்கையெல்லாம் வாங்கிக்கொண்டு, கம்பெனியைப் பங்குச் சந்தையை விட்டே எடுத்துவிடப் போகிறார் என்று ஒரு பேச்சு. டீலிஸ்டிங் என்கிறார்கள். இவனுக்கு அது புரளி என்று பட்டது. புரளி அடங்கினால் விலை விழும். அதனால் தன்னிடம் ஒரு பங்குகூட இல்லாமலே ஃபியூச்சர்ஸில் விற்றுவிட்டான். ஷார்ட் அடிப்பது என்று சொல்வார்களே, அது. விழுந்த பிறகு வாங்கிக் கணக்கை முடித்தால் நடுவில் உள்ளது லாபம். ஆனால் விலை விழவில்லை, ஏறியது. தினமும் காலையில் "மார்ஜின் கட்டு" என்று செய்தி. முதலில் சேமிப்பு போயிற்று. பிறகு மனைவியின் செயின் அடகுக்குப் போயிற்று.

"புரளிதானே சார்? கடைசியில நான் சொன்னதுதானே நடக்கும்?" என்று கேட்டான்.

பங்கு எது, விலை எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் எனக்கு என்ன தெரியும்? ஆசிரியர் பயிற்சி முடித்து முப்பத்தைந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் சுண்ணாம்புக்கட்டி தேய்த்தவன். ஆனால் இதே கேள்வியை நானூறு வருஷமாகப் பலர் கேட்டிருக்கிறார்கள். சிலர் நம் பக்கத்து ஊரோடு சம்பந்தப்பட்டவர்கள். அந்தக் கதையைச் சொல்கிறேன் என்றேன். போனில் முடியவில்லை. எனவே இங்கே.

முதலில் விஷயம் தெரியாதவர்களுக்காக. மரக்காணம் உப்பளத்தை வைத்துச் சொல்கிறேன். மாசி மாதம் ஒரு வியாபாரி புதுச்சேரிக் கடைக்காரரிடம், "வைகாசி முதல் தேதி நூறு மூட்டை உப்பு தருகிறேன், மூட்டை 200 ரூபாய்" என்று எழுதிக் கொடுக்கிறார். அவரிடம் பாத்தியும் கிடையாது, உப்பும் கிடையாது. வெயில் ஏறினால் உப்பு குவியும், விலை 150-க்கு வரும், அப்போது வாங்கிக் கொடுத்தால் மூட்டைக்கு 50 மிச்சம் என்பது அவர் கணக்கு. சித்திரையில் கோடை மழை கொட்டிப் பாத்தியெல்லாம் கரைந்தால்? மூட்டை 400 விற்றாலும் அவர் வாங்கித்தான் தரவேண்டும். உப்பு வைத்திருப்பவர் நாலு பேர்தான் என்றால் அந்த நாலு பேர் சொல்வதுதான் விலை.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அவர் கணிப்பு தப்பு இல்லாமலே இருக்கலாம். ஆனி மாதம் மழை விட்டு உப்பு 120-க்கு வரலாம். ஆனால் தவணை வைகாசி முதல் தேதி.

நம் ஊரில் பலருக்கு இது வேறு வழியில் தெரிந்த விஷயம். கையில் இல்லாததை விற்கக் கூடாது என்பது இஸ்லாமிய வணிக நெறி. விளையப்போகிற பொருளுக்கு ‘ஸலம்’ என்று ஒரு வழி உண்டு. அதில் விலை முழுவதையும் முன்பே கொடுத்து, அளவு, தரம், தேதி எல்லாம் தெளிவாகப் பேசிவிட வேண்டும். இதைப் பற்றி என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் ஊரிலேயே இருக்கிறார்கள்.

பங்கு விஷயத்தில் இந்த வேலையைப் பெரிய அளவில் முதலில் செய்தவர்கள் ஆம்ஸ்டர்டாமில் இருந்தார்கள். 1602-ல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியது. அதன் பங்குதாரராகவும் இயக்குநராகவும் இருந்து மனஸ்தாபத்தில் வெளியே வந்தவர் ஐசக் லெ மேர். 1609-ல் கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு, தங்களிடம் இல்லாத கம்பெனிப் பங்குகளைப் பின்தேதி போட்டு விற்றார். கம்பெனியைப் பற்றிக் கெட்ட செய்தியும் பரவியது. விலை இறங்கியது. கம்பெனி அரசாங்கத்திடம் முறையிட, 1610 பிப்ரவரியில் தடை வந்தது. அந்த வியாபாரத்துக்கு அங்கே வைத்த பெயர் ‘காற்று வியாபாரம்’. பொருத்தமான பெயர். அந்தக் கம்பெனிதான் அதே வருஷங்களில் கடலூர் தேவனாம்பட்டினத்திலும் பழவேற்காட்டிலும் கிடங்கு வைத்து நம் கரையின் துணியை வாங்கிக்கொண்டிருந்தது. நம் நெசவாளி தறியில் போட்ட துணியின் மீது அங்கே ஒருவர் காற்றை விற்றுக்கொண்டிருந்தார். தடைக்குப் பிறகு விலை தேறியது, விற்றவர்களில் சிலர் நொடித்துப் போனார்கள்.

இனி லாஸ்பேட்டைக்கு வருவோம். இங்கிருந்து எத்தனை பேர் தாகூர் கல்லூரிக்கும் விமான நிலையத்துக்கும் லாஸ்பேட்டை வழியாகப் போயிருப்பீர்கள்? அந்த ‘லா’ யார்? 1765 முதல் 1777 வரை புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநராக இருந்த ழான் லா தெ லொரிஸ்தோன். 1761-ல் ஆங்கிலேயர் இடித்துத் தரைமட்டமாக்கிய நகரத்தைத் திரும்பப் பெற்று மறுபடி கட்டியவர். அவர் பெயரால் வந்த பேட்டை என்பார்கள். அவருடைய பெரியப்பா ஜான் லா. பங்குச் சந்தை வரலாறு எழுதுகிற எவரும் இந்தப் பெரியப்பாவை விட்டுவிட்டு எழுத முடியாது.

ஜான் லா ஸ்காட்லாந்துக்காரர். லண்டனில் ஒரு வாள்சண்டையில் ஒருவரைக் கொன்றுவிட்டுத் தப்பியோடியவர். சீட்டாட்டத்திலும் கணக்கிலும் புலி. 1716-ல் பாரிசில் பேங்க் தொடங்கினார். 1719-ல் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியையும் தன் கம்பெனியோடு சேர்த்துக்கொண்டார். அதாவது அன்றைய புதுச்சேரியும் அவர் கம்பெனிச் சொத்தாகிவிட்டது. 500 லீவர் முகமதிப்பில் விற்ற பங்கு அந்த வருஷம் முடிவதற்குள் 10,000 வரை போனது. 1720 ஜனவரியில் அவர் பிரான்சின் நிதிமந்திரி.

எல்லோரும் இந்தக் குமிழி உடைந்த கதையைத்தான் சொல்வார்கள். நான் சொல்ல வந்தது வேறு. 1719-ல் அவர் லண்டன் சந்தையில் ஒரு பந்தயம் கட்டினார். பிரெஞ்சுக் கம்பெனி எழுந்தால் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி விழும் என்பது அவர் நம்பிக்கை. நம்பிக்கையை உலகத்துக்குக் காட்ட, ஆங்கிலக் கம்பெனியின் 1,00,000 பவுன் முகமதிப்புள்ள பங்குகளை 1,80,000 பவுனுக்குத் தருவதாக எழுதிக் கொடுத்தார். அந்தப் பங்கு அவரிடம் இல்லை. தவணை 1720 ஆகஸ்ட் 25.

வாங்க ஒப்புக்கொண்டவர் லண்டன்டெரி பிரபு. இவர் யார் தெரியுமா? 1698 முதல் 1709 வரை சென்னைக் கோட்டையில் ஆளுநராக இருந்த தாமஸ் பிட்டின் மகன். அந்த அப்பா பிட் சென்னையில் வாங்கிய பெரிய வைரத்தை 1717-ல் பிரான்சின் அரசப் பிரதிநிதிக்கு 1,35,000 பவுனுக்கு விற்றபோது, நடுவில் நின்று முடித்துக் கொடுத்தவர் இதே ஜான் லா. ஒரு பக்கம் புதுச்சேரியின் சொந்தக்காரக் கம்பெனி, இன்னொரு பக்கம் சென்னை ஆளுநரின் பிள்ளை. சண்டை மட்டும் லண்டனில். பள்ளிப் புத்தகத்தில் கர்நாடகப் போர்களைப் படித்தீர்கள். அதற்கு இருபத்தைந்து வருஷம் முன்பே இப்படி ஒரு போர் காகிதத்தில் நடந்திருக்கிறது.

என்ன ஆனது? லாவின் வெற்றியைப் பார்த்து லண்டனிலும் பித்துப் பிடித்தது. தென்கடல் கம்பெனிக் குமிழி என்பார்களே, அது. அது ஊதியபோது எல்லாப் பங்கும் சேர்ந்து ஏறியது. பந்தயம் கட்டியபோது 200-ஐ ஒட்டி இருந்த ஆங்கிலக் கிழக்கிந்தியப் பங்கு 1720 கோடையில் 400-ஐத் தாண்டியது. 180-க்குத் தருவதாக எழுதிக் கொடுத்தவர் கதி என்ன? அதே கோடையில் பாரிசில் அவருடைய சொந்தக் கட்டடமும் சரிந்துகொண்டிருந்தது. லண்டனில் அவருக்காக வேலை பார்த்த மிடில்டன் என்ற பேங்கர் வருஷக் கடைசியில் கொடுக்கல் வாங்கலை நிறுத்த வேண்டி வந்தது. டிசம்பரில் லா பிரான்சை விட்டே ஓடினார். 1729-ல் வெனிசில் இறந்தார்.

இப்போது என் மாணவனுக்கு. அதே ஆங்கிலக் கம்பெனிப் பங்கு, குளிர்காலம் வருவதற்குள் 200-க்கும் கீழே வந்துவிட்டது! லாவின் பத்திரத்தில் ஆகஸ்ட் 25 என்பதற்குப் பதில் டிசம்பர் 25 என்று இருந்திருந்தால் அந்தப் பந்தயத்தில் அவர் பிழைத்திருப்பார். ஐரோப்பாவிலேயே கணக்கில் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியவர், விழும் என்று சொன்னார், விழுந்தது. நாலு மாதம் தாமதம், அவ்வளவுதான்.

அடுத்தது பம்பாய், 1982. இதை நான் கொஞ்சம் ஆற அமரச் சொல்லவேண்டும். ஏனென்றால் நம் அப்பாக்கள் காலத்து இந்தியா இது.

அப்போது பம்பாய்ச் சந்தையில் ‘பத்லா’ என்று ஒரு முறை இருந்தது. இரண்டு வாரத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை கணக்கு முடிப்பு. வாங்கியவன் பணம் கட்டவேண்டும், விற்றவன் பங்குப் பத்திரத்தைக் கொடுக்கவேண்டும். முடியாதென்றால் அடுத்த தவணைக்குத் தள்ளிப்போடலாம், அதற்கு ஒரு கட்டணம். பெரும்பாலும் பணம் இல்லாமல் வாங்கியவன்தான் தள்ளிப்போடுவான், எனவே அவன்தான் கட்டுவான். சிலசமயம் தலைகீழாகும். பத்திரத்துக்குத் தட்டுப்பாடு வந்தால் விற்றவன் கட்டவேண்டும். அதற்குப் பெயர் ‘உந்தா பத்லா’. உந்தா என்றால் தலைகீழ் என்று அர்த்தம்.

ரிலையன்ஸ் 1977-ல்தான் பொதுமக்களுக்குப் பங்கு விற்றது. ஏறத்தாழ 58,000 பேர் வாங்கினார்கள். பேங்க் தயவைவிட இந்தச் சின்ன முதலீட்டாளர்களை நம்பித்தான் திருபாய் அம்பானி ஓடிக்கொண்டிருந்தார். விலை விழுந்தால் அவர் திட்டமெல்லாம் நின்றுபோகும். கல்கத்தாவைச் சேர்ந்த கரடிக் கூட்டம் ஒன்று இதைப் பார்த்தது. விலை விழும் என்று விற்பவர்களைக் கரடி என்றும், ஏறும் என்று வாங்குபவர்களைக் காளை என்றும் சொல்வார்கள். 1982 மார்ச் 18 அன்று அந்தக் கூட்டம் சரமாரியாக விற்றது. சுமார் மூன்றரை லட்சம் பங்குகள் கொட்டப்பட்டதாகச் சொல்வார்கள். 131 ரூபாய் விலை 121-க்கு வந்தது. கம்பெனி தன் பங்கைத் தானே வாங்க அன்றைய சட்டத்தில் இடமில்லை. எனவே யாரும் தடுக்கமாட்டார்கள் என்பது அவர்கள் கணக்கு.

ஆனால் யாரோ வாங்கினார்கள். விற்க விற்க வாங்கினார்கள். ‘ரிலையன்ஸின் நண்பர்கள்’ என்று சொல்லிக்கொண்ட தரகர்கள். ஏப்ரல் கடைசிக்குள் அவர்கள் கையில் எட்டு லட்சத்துக்கும் மேல் சேர்ந்துவிட்டது. கரடிகள் கவலைப்படவில்லை. இவ்வளவுக்கும் ரொக்கம் யாரிடம் இருக்கப்போகிறது, வெள்ளிக்கிழமை வந்தால் தள்ளிப்போடச் சொல்லிக் கெஞ்சுவார்கள், கட்டணமும் நமக்கு வரும் என்று இருந்தார்கள்.

ஏப்ரல் 30, வெள்ளிக்கிழமை. காளைகள் கெஞ்சவில்லை. "பணம் இதோ, பத்திரத்தைக் கொடு" என்றார்கள்.

பத்திரம் எங்கே இருக்கிறது? 58,000 வீட்டு அலமாரிகளில் இருக்கிறது. அலமாரிக்காரர்கள் விற்பதாக இல்லை. தள்ளிப்போட வேண்டுமென்றால் உந்தா பத்லா கட்டு என்றார்கள், அதுவும் வாய்க்கு வந்த தொகை. தகராறு முற்றி, பம்பாய்ப் பங்குச் சந்தை மூன்று நாள் மூடப்பட்டது. மூடினால் கடன் மறைந்துவிடுமா? கரடிகள் ஊர் ஊராகப் பத்திரம் தேடி, கேட்ட விலை கொடுத்து வாங்கினார்கள். மே 10 வாக்கில் விலை 200-ஐத் தொட்டது.

வாங்கிய பணம் எங்கிருந்து வந்தது என்று பிறகு நாடாளுமன்றம் வரை கேள்வி போனது. வெளிநாடு வாழ் இந்தியர் பெயரில் மான் தீவில் பதிவான சில கம்பெனிகள் ரிலையன்ஸ் பங்குகளை வாங்கியிருந்தன. அவற்றில் ஒன்றின் பெயர் குரோக்கடைல், அதாவது முதலை. இன்னொன்றின் பெயர் ஃபியாஸ்கோ. எனக்கு அன்றும் இன்றும் அந்தக் கதையில் முழுத் திருப்தி கிடையாது. ஆனால் விற்றவர்களின் கணக்கில் ஒரு ஓட்டை இருந்தது. கம்பெனியின் தரத்தைப் பற்றி யோசித்தவர்கள், பத்திரம் யார் கையில் இருக்கிறது என்று யோசிக்கவில்லை.

இப்போது மாணவன் கேட்ட விஷயத்துக்கு நேராக வருகிறேன். சந்தையை விட்டு வெளியேறுவது என்ற பேச்சு வந்தால் என்ன நடக்கிறது? 1982-ல் தரகர்கள் செய்ததை இங்கே முதலாளியே, சட்டப்படி, அறிவித்துவிட்டுச் செய்கிறார். பொதுவில் திரிகிற பங்கை ஒட்ட வாங்குகிறார். உப்புக் கிடங்கு அத்தனையையும் ஒரே ஆள் விலை பேசுகிற மாதிரி.

நம் மாநிலத்துக்காரர்களுக்குத் தெரிந்த கம்பெனி ஒன்றே இதற்கு உதாரணம். வேதாந்தா. தூத்துக்குடி ஸ்டெர்லைட் தாமிர ஆலையின் சொந்தக்காரர்கள். 2018 மே 22 அன்று அங்கே நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்தார்கள். மே 28-ல் தமிழக அரசு ஆலையை மூட உத்தரவிட்டது. தாய்க் கம்பெனியான வேதாந்தா ரிசோர்சஸ் 2003 முதல் லண்டன் சந்தையில் இருந்தது. இந்தக் கம்பெனியைச் சந்தையிலிருந்து நீக்கவேண்டும் என்று பிரிட்டன் எதிர்க்கட்சித் தரப்பிலேயே குரல் எழுந்தது. அதற்குள் ஜூலை 2-ல் முதலாளி அனில் அகர்வாலின் குடும்ப நிறுவனம், மீதிப் பங்கை ஒன்று 825 பென்சுக்கு வாங்கிக்கொள்கிறோம் என்று அறிவித்தது. அக்டோபர் 1-ல் லண்டன் பட்டியலிலிருந்து பெயர் போய்விட்டது. அங்கே எல்லாம் சுலபமாக முடிந்தது.

இந்தியாவில் அப்படி முடியவில்லை. 2020 மே 12, கொரோனா ஊரடங்கு. மார்ச்சில் 60 ரூபாய் சுமாருக்கு விழுந்திருந்த வேதாந்தா லிமிடெட் பங்கை, 87 ரூபாய் 50 காசுக்கு வாங்கிச் சந்தையை விட்டு வெளியேறுகிறோம் என்று அறிவித்தார்கள். அப்போது நம் நாட்டு விதி லண்டன் மாதிரி இருக்கவில்லை. இங்கே அன்று தலைகீழ் ஏலம்தான். விலையை முதலாளி சொல்லமுடியாமல் இருந்தது, பங்கு வைத்திருப்பவர்கள் ஒவ்வொருவரும் எனக்கு இவ்வளவு வேண்டும் என்று எழுதிக் கொடுக்கவேண்டியிருந்தது. முதலாளி கையில் மொத்தம் 90 சதவீதம் சேரும் இடத்தில் எந்த விலை இருந்ததோ அதுதான் எல்லோருக்கும் விலையாக இருந்தது. அவருக்குப் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடலாம்.

ஏலம் அக்டோபர் 5 முதல் 9 வரை. எல்.ஐ.சி.யிடம் ஆறு சதவீதத்துக்கு மேல் பங்கு இருந்தது. அது கேட்ட விலை 320 ரூபாய்! நம் எல்.ஐ.சி. ஏஜெண்ட் வீடு வீடாக வந்து வாங்கிப்போன பிரிமியம் பணம்தானே அது. கடைசி நாள் சந்தை விலை 120 ரூபாயை ஒட்டி இருந்தது. தேவைப்பட்டது 134.12 கோடி பங்குகள். முறையாக வந்து சேர்ந்தவை 125.47 கோடி. திட்டம் தோற்றது. சனிக்கிழமை அறிவிப்பு, திங்கட்கிழமை பங்கு ஏறத்தாழ 20 சதவீதம் விழுந்தது.

இதில் மூன்று ஆட்களைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மூன்று பேருக்கும் ஒரே கருத்து, இந்த டீலிஸ்டிங் நடக்காது என்பது. ஒருவன் மே மாதம் 90-க்கு விற்றான். மாதா மாதம் தவணையைத் தள்ளித் தள்ளி அக்டோபர் 9 வரை வந்தால் 30 ரூபாய் நஷ்டத்தில் நிற்கிறான். அதற்குள் பாதி வழியில் நகை அடகுக்குப் போய்க் கணக்கை முடித்திருப்பான். இரண்டாமவன் அக்டோபர் 9 அன்று 120-க்கு விற்றுத் திங்கட்கிழமை முடித்தான். ஒரு வார இறுதியில் பணக்காரன். மூன்றாமவன் அதே 9-ஆம் தேதி விற்று, திட்டமே தோற்றுவிட்டது, இன்னும் விழும் என்று வைத்துக்கொண்டான். முதலாளித் தரப்பு சும்மா இருக்கவில்லை. டிசம்பரில் சந்தையிலேயே ஒரு பெரும்பகுதியை 160 ரூபாய் சுமாருக்கு வாங்கியது. 2021 ஜனவரியில் 160 ரூபாய்க்குப் பொது அழைப்பு விட்டது. மார்ச்சில் அதை 235 ஆக உயர்த்தியது. மூன்றாமவனை நினைத்துப் பாருங்கள். மூன்று பேர் கருத்தும் சரி. டீலிஸ்டிங் நடக்கவே இல்லை.

அமெரிக்காவிலும் இதே கூத்து. 2018 ஆகஸ்ட் 7 அன்று எலான் மஸ்க், டெஸ்லாவை ஒரு பங்கு 420 டாலருக்கு வாங்கிச் சந்தையிலிருந்து எடுக்க யோசிக்கிறேன், பணம் தயார் என்று ட்விட்டரில் எழுதினார். நம் ஊரில் 420 என்றால் வேறு அர்த்தம், அது கிடக்கட்டும். அன்றைக்கே விலை 11 சதவீதம் ஏறியது. டெஸ்லாவை விற்று வைத்திருந்தவர்கள் உலகத்திலேயே அதிகம், அவர்கள் வயிற்றில் புளி கரைந்தது. ஆகஸ்ட் 24-ல் திட்டம் இல்லை என்றார். அமெரிக்கக் கண்காணிப்பு ஆணையம் வழக்குப் போட்டு, அவருக்கு 2 கோடி டாலர், கம்பெனிக்கு 2 கோடி டாலர் அபராதம், தலைவர் பதவியும் போனது. புரளி என்று சொன்னவர்கள் சொன்னது சரி. ஆனால் அதற்கப்புறமும் விற்று வைத்திருந்தவர்களை 2020-ல் டெஸ்லா விலை எங்கே கொண்டுபோய் விட்டது என்பது ஊர் அறிந்தது.

விற்றுச் சம்பாதித்தவரே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. 1992-ல் ஹர்ஷத் மேத்தா ஏற்றிவிட்ட சந்தை சரிந்தபோது விற்றுத்தான் பெரிய பணம் பார்த்தேன் என்று ராகேஷ் ஜுன்ஜுன்வாலா தானே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.  பொய்க் கணக்கு எழுதும் கம்பெனிகளை முதலில் மோப்பம் பிடிப்பவர்களும் பல சமயம் இந்தக் கரடிகள்தான். அதனால் எல்லா விற்பனையையும் பாவம் என்று நான் சொல்லமாட்டேன்.

இன்றைய விதிகளையும் சொல்லிவிடுகிறேன், இளையவர்கள் பத்லா பழங்கதை என்று நினைப்பார்கள். கேத்தன் பரேக் மோசடிக்குப் பிறகு 2001 ஜூலையில் பத்லா ஒழிந்தது. சாதாரணச் சந்தையில் இல்லாத பங்கை விற்றால் அன்றைக்கே வாங்கி முடிக்கவேண்டும். நாள் கடந்து வைத்திருக்க வேண்டுமென்றால் பங்கை வாடகைக்குக் கடன் வாங்கலாம், அதற்கு 2008 முதல் ஏற்பாடு இருக்கிறது. இல்லாவிட்டால் ஃபியூச்சர்ஸ். ஃபியூச்சர்ஸில் தினமும் சாயங்காலம் கணக்குப் பார்ப்பார்கள். ஆயிரம் பங்கை 300-க்கு விற்றிருந்தால், 30 ரூபாய் ஏறிய அன்றே 30,000 ரூபாய் ரொக்கமாகப் போய்விடும். விழப்போவது அடுத்த மாதமாக இருக்கலாம், பணம் இன்று. 2019 அக்டோபரிலிருந்து எல்லாப் பங்கு ஃபியூச்சர்ஸும் தவணை நாளில் பங்காகவே கொடுத்து வாங்கவேண்டும் என்று செபி ஆக்கிவிட்டது. அதாவது "பத்திரத்தைக் கொடு" என்ற 1982 வெள்ளிக்கிழமை வேறு உடையில் திரும்பி வந்திருக்கிறது. வாங்கியவன் 300 ரூபாய்ப் பங்கில் 300-க்கு மேல் இழக்கமுடியாது. விற்றவனுக்கு அப்படி ஒரு எல்லைக்கோடு எங்கேயும் போடவில்லை. 2022 முதல் 2024 வரை மூன்று நிதியாண்டுகளில் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள், மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் என்று செபியே கணக்குக் கொடுத்திருக்கிறது.

"புரளிதானே சார்?" என்ற கேள்விக்கு நான் போனில் சொன்னது ஒன்றுதான். "புரளியாவே இருக்கட்டும்பா. மீதிப் பங்கு யார் கையில இருக்கு, உன் தவணை என்னைக்கு, அதுவரைக்கும் தினமும் கட்ட உன்கிட்ட என்ன இருக்கு? இந்த மூணுக்கும் எழுதி வச்சுப் பதில் சொல்லு." வகுப்பில் கேட்டால் எழுந்து நின்று முழிப்பானே, அதே அமைதி.

நேற்று மாலை மறுபடி கூப்பிட்டான். மூன்றாவது கேள்விக்குப் பதில் எழுதும்போது மனைவியும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாளாம். செயின் விஷயமே அவளுக்கு அப்போதுதான் முழுசாகத் தெரிந்திருக்கிறது. பாதியை நஷ்டத்தில் முடித்துவிட்டான். மீதிப் பாதிக்குத் தவணை இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது என்றான். "மீதியையும் நாளைக்குக் காலையிலயே முடிச்சுடணும்னு சொல்றா சார். நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டான்.

"போனை அந்தப் பொண்ணுகிட்ட கொடுப்பா" என்றேன்.